கூடைக்கும் ஒரு பாடு வேண்டும்

நடுவர் அவர்களே, புது ரயில் நிலையங்களின் அழகைப் பாடிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர்.

நண்பர் சூளூர்பேட்டை நிலையத்தைச் சொன்னார். 2025 மே 22 அன்று நாடெங்கும் திறந்து வைக்கப்பட்ட 103 புதுப்பித்த நிலையங்களில் அதுவும் ஒன்று. நான் மறுக்கலை. ஆனா நடுவர் அவர்களே, மாப்பிள்ளையின் சட்டையைப் பார்த்துட்டு, சம்பளத்தைக் கேட்காம பெண் கொடுப்போமா? (சிரிப்பு) நிலையத்தின் சம்பளம் எது? அங்கே ஏறுகிற ஆளும் சரக்கும்தான்!

அந்தச் சூளூர்பேட்டைக்குப் பக்கத்தில்தான் பழவேற்காடு ஏரி. அதன் தென்கோடியில் மீனவர் குப்பங்கள். 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். காற்று வாங்கவா? துணி மூட்டை ஏற்ற! பிறகு 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். அது ஏரி வரை நீண்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. உப்பும் விறகும் படகிலே பட்டணம் போயின. ஒரு மூட்டையா? ஏத்து. ஒன்பது மூட்டையா? ஏத்து. படகுக்காரன் கணக்குப் பார்க்கலை.

1899இல் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் ரயில் பாதை வந்தது. அது பொன்னேரி வழியாகப் போனது, குப்பத்துக்குள் வரவில்லை. 1965, 66 புயல்களில் கால்வாயும் சிதைந்தது. சரி, ரயிலாவது கை கொடுத்ததா? 1980களில் ரயில்வே கொள்கையை மாற்றியது. ஒரு வேகன், அரை வேகன் சரக்கெல்லாம் வேண்டாம். முழு ரயிலுக்கும் சரக்கு கொண்டு வா என்றது. நம்ம குப்பத்து அம்மா முழு ரயிலுக்குச் சரக்கு ஏற்றணும்னா ஏரியையே தூக்கி வைக்கணும்! (பலத்த சிரிப்பு)

விளைவு? 1950களில் நாட்டுச் சரக்கில் பத்துக்கு எட்டுப் பங்கைச் சுமந்த ரயில், இன்று மூன்று பங்கைக்கூடச் சுமப்பதில்லை. ஆனால் 2024-25இல் அது ஏற்றியது 160 கோடி டன்னுக்கும் மேல்! அதில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. ஆகவே சரக்கு சாகலை ஐயா. சின்னவன் சரக்குதான் செத்துப்போச்சு!

“லாரி இருக்கே, வேன் இருக்கே” என்பார் நண்பர். இருக்கு. ஆனா வண்டி யாருடையதோ, விலையும் அவனுடையது! (கைதட்டல்)

ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், நான் கண்ணால் கண்டது. நண்டுக் கூடையோடு ஓர் அம்மா. “புது டைல்ஸ்மா, தண்ணி சொட்டுது, அப்பால போ” என்றார் ஒருவர். அந்த அம்மா சொன்னாள்: “டைல்ஸைத் துடைச்சாப் போயிடும் சாமி. நண்டு செத்தா என் இன்னிக்குப் பொழப்பே போயிடும்.” நான் முனைவர் பட்டம் வாங்கியவன். எனக்குப் பதில் தெரியலை.

நடுவர் அவர்களே, பழவேற்காட்டு மீனவரிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது. இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை வைத்து வலை போடுவார்கள். பாடு என்றால் முறை. பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் துன்பமும்தான். முறை கிடைக்காதவனுக்கு மிஞ்சுவது அந்த மூன்றாவது பாடு!

நான் நிலையத்தை இடிக்கச் சொல்லலை. காலை வண்டியில் கூடைக்கு ஒரு பெட்டி. நடைமேடை ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு மூலை, ஒரு தராசு, ஐஸ் வைக்க ஓர் இடம். இதைத்தான் கேட்கிறேன். நிலக்கரிக்கு முறை உண்டு, பயணிக்கு முறை உண்டு. கூடைக்கு மட்டும் இல்லையா?

சின்னவன் மூட்டை ஏறாத நிலையம் வெறும் அழகுதான், வளர்ச்சி அல்ல என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)