பொருள் வரைதலும் இல்லறச் சிக்கனமும்

(பகவான் மகாவீரர் முக்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

உலகம் தீபாவளி எனக் கொண்டாடும் இந்நாள், சமணர்களுக்குப் பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நன்னாள். அரச குடும்பத்தில் தோன்றிய அப்பெருமான், 30ஆம் அகவையில் அனைத்தையும் துறந்தார். 12 ஆண்டுகள் அருந்தவம் இயற்றிக் கேவலஞானம் பெற்றார். 72ஆம் அகவையில் முக்தி அடைந்தார். ஓர் ஆடையையும் தமதெனக் கொள்ளாத பெருமானின் முக்தி நாளை முன்னிட்டு, இல்லந்தோறும் பொருள்கள் வாங்கிக் குவிக்கப்படுகின்றன. இரண்டு மாதங்கள் கழித்து அவற்றின் தவணைத் தொகையைக் கட்ட இயலாமல் குடும்பத் தலைவர் கலங்குவதும் உண்டு. இந்த முரண்பாட்டிலிருந்து மீளும் வழியை ஆசாரியப் பெருமக்கள் முன்னரே காட்டியிருக்கின்றனர்.

முனிவர்க்கு உரியவை மகாவிரதங்கள். இல்லறத்தார்க்கு உரியவை அணுவிரதங்கள். பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பவர், முதியோரைப் பேணுபவர், எல்லாவற்றையும் துறத்தல் இயலாது. ஆதலின் அவர்க்கு ஐந்தாம் அணுவிரதமாக மிகுபொருள் விரும்பாமை வகுக்கப்பட்டது. ‘இவ்வளவு போதும்’ என ஓர் எல்லையைத் தாமே வகுத்து, அதற்கு மேற்பட்டதில் ஆசை வையாதிருத்தலே அவ்விரதம். எல்லை வகுக்காமல் செய்யும் சிக்கனம், மலிவாகக் கிடைத்தது என்று மேலும் மேலும் வாங்குவதில் முடியும். எல்லை முதலில் வேண்டும். சிக்கனம் அதன் பின்னர் தானே வரும்.

போகமும் உபபோகமும்

சமந்தபத்திர ஆசாரியர் வடமொழியில் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை விரித்துரைப்பவை. குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்று போகோபபோக பரிமாணம். ஒருமுறை நுகர்ந்தவுடன் தீர்ந்துவிடுவது போகம், உணவு அத்தகையது. மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். ஆடையும் கலமும் அத்தகையவை. இவ்விரண்டுக்கும் அளவு வகுத்துக்கொள்ளுதல் இவ்விரதத்தின் பொருள்.

இன்றைய வீட்டுச் செலவுகள் முழுவதும் இவ்விரு பிரிவுக்குள் அடங்கிவிடும். மளிகை, காய்கறி, பால், தின்பண்டம் ஆகியவை போகம். ஆடை, காலணி, கைப்பேசி, மிதிவண்டி, பிள்ளைகளின் விளையாட்டுக் கருவிகள் ஆகியவை உபபோகம். போகப் பொருளைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி, ‘எவ்வளவு வேண்டும்?’ என்பது. உபபோகப் பொருளைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி, ‘இன்னும் எத்தனை நாள் உழைக்கும், யாருக்கெல்லாம் உழைக்கும்?’ என்பது. இவ்விரண்டு கேள்விகளையும் கடைக்குச் செல்லுமுன் கேட்கும் குடும்பம் பாதிச் செலவிலிருந்து தப்பிவிடுகிறது.

மளிகையும் உயிர்க்கொலையும்

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி வட்டாரத்துச் சமண ஊர்களில் நெல்லும் பயறும் நிலத்திலிருந்தே வீட்டுக்கு வந்த காலம் உண்டு. குதிரும் பானையும் நிறைந்திருந்தாலும், அவற்றைக் காக்கும் அறிவும் அவ்வீடுகளில் இருந்தது. துவரைக்குச் செம்மண் கட்டினர்; பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவினர்; அரிசியில் வேப்பிலையும் வசம்பும் இட்டனர். வண்டு வந்தபின் கொல்வதைவிட வாராமல் காப்பதே அகிம்சை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அதே குடும்பங்கள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் சிறு வீடுகளில் வாழ்கின்றன. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்னும் அறிவிப்பைக் கண்டு, மாதம் 2 கிலோ பருப்புச் செலவாகும் வீட்டில் 6 கிலோ வாங்கி அடுக்குகின்றனர். மழைக்காலம் வருகிறது, ஈரக்காற்றில் பருப்பில் வண்டும் ரவையில் புழுவும் தோன்றுகின்றன. வெயிலில் கொட்டினால் அவ்வுயிர்கள் மடியும். குப்பையில் கொட்டினால் பொருளும் போகும். காசு மிச்சம் என்று தொடங்கியது உயிர்க்கொலையில் முடிகிறது. பொருள் வரைதல் விரதத்துக்கு நேரும் குற்றங்களுள் அதிசங்கிரகம், அதாவது அளவு மீறிச் சேர்த்தல், ஒன்றாக எண்ணப்பட்டதன் காரணம் இங்கே விளங்கும்.

மாவுக்குத் திகம்பர ஆசார நெறி கால எல்லை வகுத்திருக்கிறது. அரைத்த மாவு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் வரையே கொள்ளத்தக்கது. மாதக்கணக்கில் மாவை வாங்கி வைக்கும் வழக்கத்துக்கு இந்நெறியில் இடமில்லை. ஒரு வாரத்துக்கு வேண்டிய தானியத்தை மட்டும் சுத்தம் செய்து அரைத்துக்கொள்ளும் வீட்டில் புழு தோன்ற நேரமில்லை. வீணாவதற்கும் ஒன்றும் எஞ்சுவதில்லை. ஆசாரம் காப்பதும் சிக்கனம் காப்பதும் இங்கே ஒரே செயலாகின்றன.

சூரியன் மறைவதற்கு முன் உண்ணும் விரதமும் அவ்வாறே. மாலை 6 மணிக்குள் உணவு முடிந்த வீட்டில், இரவு 9 மணிக்குக் கைப்பேசி வழியாக உணவு வரவழைக்கும் தேவை எழாது. அவ்வுணவின் விலையோடு, அதைக் கொண்டுவரும் கூலியும் கட்டிவரும் நெகிழிப் பொதியும் மிச்சமாகின்றன.

அடுப்படிப் பலகாரம்

பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பசி எடுக்கும், அது இயற்கை. அதற்காக நாளொன்றுக்கு 30 ரூபாய்க்குப் பொட்டலத் தின்பண்டம் வாங்கப்படுவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 10,950 ரூபாய் ஆகிறது. பிள்ளைகள் இருவர் எனில் அதன் இருமடங்கு.

ஒரு கிலோ நிலக்கடலையும் அரைக் கிலோ வெல்லமும் இருந்தால் ஏறத்தாழ 50 கடலை உருண்டைகள் செய்துவிடலாம். எள்ளுருண்டை, பயற்றமாவு உருண்டை, பொரி உருண்டை, கேழ்வரகு அடை, அவல் ஆகியவை பாட்டிமார் அறிந்த பண்டங்கள். இவற்றின் சிறப்பு விலையில் மட்டும் இல்லை. கடையில் விற்கும் இழுவை மிட்டாய்கள் சிலவற்றில் விலங்குகளின் எலும்பிலும் தோலிலுமிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் சேர்வதுண்டு; கேக் வகைகளில் முட்டை சேர்வதுண்டு. பொட்டலத்தின் பச்சைக் குறியையும் சேர்பொருள் பட்டியலையும் படித்தறிந்து வாங்கவேண்டிய கவலை, வீட்டில் செய்த உருண்டைக்கு இல்லை.

ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. ‘வீட்டிலேயே செய்யலாம்’ என்று சொல்பவர் பெரும்பாலும் ஆண்; செய்பவர் பெரும்பாலும் பெண். அலுவலகம் சென்று திரும்பும் மருமகளின் தோளில் மேலும் ஒரு சுமையை ஏற்றிவிட்டு, அதைச் சிக்கனம் என்று கூறுதல் அறமாகாது. கடலையை வறுப்பவர் ஒருவர், தோல் நீக்குபவர் ஒருவர், உருண்டை பிடிப்பவர்கள் பிள்ளைகள் என ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைக் குடும்பம் பகிர்ந்துகொண்டால், பண்டமும் கிடைக்கும். பிள்ளைகள் தொழிலும் கற்பர். விழாப் பலகாரத்துக்கும் இதுவே பொருந்தும். ஏழு வகை செய்து எண்ணெயையும் உடலையும் வருத்துவதைவிட, இரண்டு வகையை நிறைவாகச் செய்து அண்டை வீட்டாருக்கும் வேலையாளுக்கும் அளித்தல் சிறப்பு.

விளையாட்டுக் கருவிகள்

பிள்ளைகள் விளையாட வேண்டும். உடல் நலத்துக்கும் தோல்வியைத் தாங்கும் மனத்துக்கும் அது இன்றியமையாதது. ஆகவே விளையாட்டை மறுத்தல் சிக்கனம் ஆகாது. கருவிகளில்தான் அளவு வேண்டும்.

கோடை விடுமுறையில் பயிற்சி வகுப்பில் சேரும் சிறுவனுக்கு முதல் நாளே விலையுயர்ந்த மட்டை, பை, காலணி, சீருடை அனைத்தும் வாங்கப்படுகின்றன. இரண்டு மாதங்களில் ஆர்வம் வேறு விளையாட்டுக்குத் திரும்பலாம். இரண்டு ஆண்டுகளில் உயரமும் கூடிவிடும். சிறுவர்க்கான கிரிக்கெட் மட்டைகள் உயரத்துக்கேற்ப எண்ணிட்டு விற்கப்படுகின்றன என்பதே, எந்த மட்டையும் ஒரு பிள்ளைக்கு நெடுங்காலம் உரியதன்று என்பதைக் காட்டும். அண்ணனுக்குச் சிறிதான மட்டை தம்பிக்கும், தம்பிக்குச் சிறிதானது ஜினாலயத்துக்கு வரும் மற்றொரு பிள்ளைக்கும் சென்றால், அது உண்மையான உபபோகம். வில்லோ மர மட்டைக்கு அவ்வப்போது ஆளிவிதை எண்ணெய் மெல்லத் தடவி, கைப்பிடி உறையை மட்டும் மாற்றினால் அது பல ஆண்டுகள் உழைக்கும். இறகுப்பந்து மட்டையின் நரம்பு அறுந்தால், சட்டம் நன்றாக இருக்குமானால் நரம்பை மட்டும் மாற்றுதல் போதும்.

இங்கும் சிக்கனமும் அகிம்சையும் கைகோக்கின்றன. இறகுப்பந்து என்பது வாத்தின் இறகுகள் 16 கொண்டு செய்யப்படுவது. சில ஆட்டங்களிலேயே சிதைந்துவிடும். பழகும் பிள்ளைக்கு நைலான் பந்து போதுமானது, பலநாள் உழைக்கும். கிரிக்கெட்டின் கடினப் பந்து தோலால் மூடப்பட்டது. தெருவிலும் திடலிலும் ஆடுவோர்க்கு டென்னிஸ் பந்து போதும். காலணியும் கையுறையும் தோலின்றிச் செயற்கை இழையிலேயே கிடைக்கின்றன.

ஆனால் பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. பலத்த அடி வாங்கிய தலைக்கவசத்தை மற்றொரு பிள்ளைக்குக் கொடுத்தல் ஆகாது. ஒருவர் காலுக்கேற்பத் தேய்ந்துபோன காலணியும் மற்றவர் காலுக்குத் தீங்கு தரும். பழையது எது கைமாறலாம், எது கைமாறக்கூடாது என்று பகுத்தறிதலும் இவ்விரதத்தின் பகுதியே.

பிள்ளையின் மனத்தையும் கருத வேண்டும். தோழனின் புதிய மட்டையைக் கண்டு ஏங்கும் பிள்ளையிடம் ‘நம்மிடம் பணமில்லை’ என்று மட்டும் சொன்னால் அது குறையாகவே அவன் உள்ளத்தில் தங்கும். பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து ஏங்குதல் அதிவிஸ்மயம் என்னும் குற்றம் என்று ஆசாரியர் கூறியது பெரியோர்க்கும் சேர்த்தே. பக்கத்து வீட்டு மகிழுந்தைக் கண்டு தந்தை பெருமூச்சு விடும் வீட்டில், மகனுக்கு மட்டை பற்றி உபதேசம் செய்வதில் பயனில்லை. வரவும் செலவும் பிள்ளைகளின் முன் வெளிப்படையாகப் பேசப்படும் வீட்டில், அவர்கள் தாமாகவே ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லக் கற்கின்றனர்.

பயனற்ற அழிவு

அனர்த்ததண்ட விரதம் என்பது பயனின்றி உயிர்களுக்குத் தீங்கு செய்யாமை. பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளை ஒடித்தல் ஆகியவை பிரமாதசரியை என அதனுள் விலக்கப்பட்டன. திறந்து விட்ட குழாயும், ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியும் அதன் இன்றைய வடிவங்கள். பருப்பைச் சமைக்குமுன் ஓரிரு மணி நேரம் ஊறவைத்தலும், பாத்திரத்தை மூடிச் சமைத்தலும் எரிவாயுவைக் காப்பவை. காய் கழுவிய நீர் துளசிக்கும் முருங்கைக்கும் போகலாம்.

சிக்கனமும் உலோபமும்

சிக்கனக்காரர்க்கும் உலோபிக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு குறைவு. இருவரும் விலை கேட்பர். இருவரும் அணைக்கவேண்டிய விளக்கை அணைப்பர். மிச்சம் எங்கே செல்கிறது என்பதில்தான் வேறுபாடு தெரியும். கீரை விற்கும் முதியவளிடம் 5 ரூபாய் பேரம் பேசி, அன்று மாலையே தேவையற்ற பொருளுக்கு 5,000 ரூபாய் செலவிடுவது சிக்கனமாகாது. பொருள் வரைதலின் குற்றங்கள் ஐந்தனுள் இரண்டு, விலங்குகளை அளவுக்கு மேல் ஓட்டுதலும் அளவுக்கு மேல் சுமையேற்றுதலும் ஆகும். ஒருவர் மிகுதியாகச் சேர்க்கும்போது, அதன் பாரத்தை வாய்பேசாத வேறோர் உயிர் சுமக்கிறது என்பதை ஆசாரியர் கண்டிருந்தனர். இன்று அவ்விடத்தில் எளிய தொழிலாளர் நிற்கின்றனர். அவர்கள் கூலியைக் குறைத்துச் சேர்ப்பது மிச்சமாகாது.

எல்லைக்கு மேற்பட்டது தானத்துக்கு உரியது. ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் எனத் தானம் நான்கு. பொட்டலப் பண்டத்தில் மிச்சமான தொகை, சிற்றூரில் படிக்கும் ஒரு பிள்ளையின் ஓராண்டுப் பாடநூலாக முடியும். ஒரு முதியவரின் மருந்தாக முடியும். பழமையான ஜினாலயத்தில் ஒரு நாள் பூசையாக முடியும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வீட்டில், மாத முடிவில் அது ஒருவர் பசியைத் தீர்க்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும்.

ஒரு மாத நியமம்

வாழ்நாள் முழுவதற்கும் ஏற்கும் விரதம் யமம்; கால வரையறையோடு ஏற்பது நியமம். இன்று, இப்பகல், ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம் எனச் சிறு கால அளவுக்கும் எல்லை வகுத்துக்கொள்ளலாம் என்று சிராவகாசாரம் இடம் தருகிறது. இல்லறத்தாரின் இயலாமையை அறிந்து காட்டிய கருணை இது.

எனவே இம்முக்தி நாளில் தொடங்கி ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் நான்கு நியமங்களை ஏற்கலாம். மாதத் தேவைக்கு மேல் மளிகை வாங்காதிருத்தல். வாரம் ஒருமுறையேனும் தின்பண்டத்தைக் குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்தல். உபபோகப் பொருள் ஒன்று புதிதாக வருமாயின், நல்ல நிலையிலுள்ள பழையது ஒன்றைத் தேவையுடையவர்க்கு அளித்தல். மாத முடிவில் மிச்சத்தைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கைத் தானத்துக்கு ஒதுக்குதல். கணக்கை எழுதும் பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் நலம்.

ஒரு மாதம் நிறைவேறினால் அடுத்த மாதம் எளிதாகும். நியமம் பழகப் பழக வழக்கமாகும். அனைத்தையும் துறந்த பெருமானின் வழியில் இல்லறத்தார் எடுத்து வைக்கக்கூடிய சிறு அடி, தம் வீட்டு மளிகைப் பட்டியலில் தொடங்குகிறது.

வளர்க நல்லறம்! வாழ்க ஜினதருமம்!