கணக்கு வாடகைக்கு அல்ல
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



முன்வரிசையில் ஓய்வு பெற்ற நாங்கள், பின்வரிசையில் நீங்கள். இரண்டு வரிசையையும் ஒரே மோசடியில் கோக்கிறவன் ஒருவன் இருக்கிறான்.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்பார்கள். வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வருவான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்பான். காமிராவை அணைக்காதே, யாரிடமும் பேசாதே என்பான். அப்படியொரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார்.

சரி, பயந்துபோய் அனுப்புகிற பணம் எங்கே போகிறது? அவன் கணக்குக்கா? இல்லை தம்பி, உன் கணக்குக்கு! “பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் கொடு, மாதம் ரூ.5,000 தர்றேன்” என்று டீ வாங்கிக் கொடுத்துப் பேசுகிறானே, அவன்தான் தரகன். வந்த பணம் சில நிமிஷத்தில் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்காரன் வீட்டு வாசலில். “எனக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்பது அங்கே எடுபடாது. வேலைக்குப் போகும் வயதில் வழக்கு!

பெரியவர்களே, பணம் போய்விட்டால் மகன் திட்டுவானே என்று மூடி வைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு. சாப்பிடப் போகுமுன் அந்த எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். பதியத் தெரியாதவர்களுக்குப் பின்வரிசைப் பிள்ளைகள் உதவுவார்கள்.