பொருள் உணர்ந்து பாடுதல்
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தில்லையில் நிகழ்ந்ததாகச் சைவ மரபு போற்றும் வரலாறு ஒன்று உண்டு. மாணிக்கவாசகர் அருளிய பாடல்களின் பொருள் யாது எனத் தில்லைவாழ் அந்தணர்கள் வினவினர். அடிகள் கூத்தப்பெருமானைச் சுட்டி, இவரே பொருள் என உரைத்து, அப்பெருமானோடு இரண்டறக் கலந்தார். இதனைக் கொண்டு, திருவாசகத்திற்குப் பொருள் தேட வேண்டுவதில்லை, உருகிப் பாடினாலே போதும் என்பார் உளர்.

அக்கருத்து முழுமையானது அன்று. 95 அடிகள் கொண்ட சிவபுராணத்தின் நிறைவில், பொருள் உணர்ந்து பாடுவோர் அடையும் பேற்றினை அடிகளே சிறப்பித்துக் கூறுகின்றார். தில்லை வரலாறும் பொருளை விலக்கவில்லை. சொல்லின் வழியே சென்று, சொல் சுட்டும் இறைவனை அடைவதே பொருள் உணர்தலின் முடிவு என்பதையே அது காட்டுகின்றது.

அவ்வழிக்குத் துணைநிற்பது உரை. முதலில் சொற்களைப் பிரித்தல், அடுத்துப் பதவுரை, பின்னர்ப் பொழிப்புரை, இறுதியில் விளக்கவுரை என்பது கற்பிக்கும் முறை. அடிகளின் திருக்கோவையார் 400 பாடல்களும் அகப்பொருள் துறைகளில் அமைந்தவை. பேராசிரியர் உரை அத்துறைகளை விளக்குகின்றது. அதனைக் கற்றோர்க்கே, உயிர் இறைவனை நாடும் வேட்கை அங்குத் தெளிவாகப் புலப்படும். இடைப்படிகளைத் தாண்டுவோர் தம் விருப்பத்தையே பாடலில் காண்பர்.

உரையாசிரியர்களும் மாறுபடுவர். திருக்குறளுக்குப் பண்டு உரை கண்டோர் பதின்மர் என்பது மரபு. அவருள் மணக்குடவரும் பரிமேலழகரும் பல குறள்களுக்கு வெவ்வேறு பொருள் கொண்டனர். பிறர் கொண்ட பொருளை எடுத்துக்காட்டி, அதனை ஏற்காமைக்குரிய காரணத்தையும் பரிமேலழகர் கூறிச் செல்கின்றார். மாறுபட்டாலும் காரணம் காட்டுதல் உரைநெறி.

மலேசியத் திருமுறை வகுப்புகளில் தமிழ் படிக்க இயலாத பிள்ளைகள் உரோமன் எழுத்தைப் பார்த்துப் பாடுவதுண்டு. அவர்தம் குரல் இனிது, ஆர்வமும் பெரிது. எனினும், எங்கே சொல் முடிகின்றது என்பதை அவ்வெழுத்து மட்டும் காட்டாது. "இதற்கு என்ன பொருள், ஐயா?" என வினவும் பிள்ளைக்கு, "சும்மா பாடு" என்பது விடையாகாது. அவ்விடை கேட்ட பிள்ளை நாளை பாடுவதையே விட்டுவிடலாம்.

பதிகம் முழுவதையும் விரைந்து பாடுவித்தலினும், ஒரு பாடலைச் சொல் பிரித்து, பொருள் கூறி, பின்னர்ப் பாடுவித்தல் நன்று. ஆசிரியர்க்குத் தெரியாத இடம் வரின், உரைநூலைப் பார்த்து அடுத்த வாரம் கூறலாம். அதில் இழுக்கு இல்லை. வீட்டில் பெற்றோரும் அப்பாடலின் பொருளைப் பிள்ளையிடம் கேட்டறிதல் வேண்டும். கேட்கும் செவி உள்ள வீட்டிலேதான் பாடல் நிலைபெறும்.

திருச்சிற்றம்பலம்.