பாயிண்டில் ஒரு பையன்

(சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பத்தி ஏதாச்சும் பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். நான் தொழிலைப் பற்றி ஆரம்பித்தால் கடைசி வரிசை காலியாகிவிடும். (அந்த வரிசை எப்படிக் காலியாகும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.) அதனால் என் மகனுக்குக் கிரிக்கெட் ஃபீல்டிங் கற்றுக்கொடுக்கப் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

பையனுக்குப் பத்து வயது. பள்ளி அணியில் பாயிண்டில் நிற்பான். ஆட்டம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பேட்ஸ்மேனுக்கு ஆஃப் திசையில், ஏறத்தாழ நேர் பக்கவாட்டில் உள்ள இடம் அது. கட் அடித்தால் பந்து அங்கேதான் பறந்து வரும். போன வருடம் ஒரு மேட்ச்சில் அவனுக்கு ஒரு சுலபமான கேட்ச் வந்தது. விரல் நுனியில் பட்டு, உதட்டில் அடித்து, கீழே விழுந்தது. உதட்டு வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. கூட ஆடிய பையன்கள் சொன்ன வார்த்தைதான் வடியவில்லை.

அப்பன் சும்மா இருப்பேனா? மொட்டை மாடியில் நிறுத்தி, வேகவேகமாகப் பந்தை எறிந்தேன். "பயம் போகணும்னா அடி வாங்கணும்டா" என்பது அப்போது என் சித்தாந்தம். நான்காம் நாள் நகம் பெயர்ந்தது. ஐந்தாம் நாள், "வயித்த வலிக்குதுங்கப்பா" என்றான். வலி இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மே மாத லீவுக்கு எருமப்பட்டி போனோம். அங்கே அப்பாவுக்குச் சின்னதாக ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது. நாமக்கல் பக்கத்துக் கதை முட்டை இல்லாமல் எப்படி முடியும்? காலையில் தாத்தாவும் பேரனும் முட்டை எடுத்து அட்டையில் அடுக்குவார்கள். ஒரு நாள் கீறல் விழுந்த முட்டை ஒன்றை அப்பா இரண்டடி தூரத்திலிருந்து அவனிடம் தூக்கிப் போட்டார். கையில் பட்டு உடைந்தது. அடுத்ததைப் போட்டபோது சொன்னார்: "கைய நீட்டி மோதாத கண்ணு. அது வர்றப்பவே கூட்டிக்கிட்டுப் பின்னால போ." அப்பா வாழ்நாளில் கிரிக்கெட் மட்டையைத் தொட்டதில்லை.

அன்று ராத்திரி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். அது மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். கை 10 செ.மீ. மட்டும் பின்வாங்கி அதை நிறுத்தினால், உள்ளங்கை தாங்குவது சுமார் 32 கிலோ எடைக்குச் சமமான விசை. 30 செ.மீ. பின்வாங்கினால் அது 11 கிலோதான். முதலாண்டு இயற்பியலில் நாமெல்லாம் எழுதிய விடைதான் இது. மொட்டை மாடியில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாளிலிருந்து டென்னிஸ் பந்து, நாலடி தூரம், கையடியில் மெதுவாகத் தூக்கிப் போட்டேன். பத்துப் பந்து தவறாமல் பிடித்தால் ஓரடி பின்னால் போகலாம் என்பது ஏற்பாடு. தவறினால் திட்டு கிடையாது, அடுத்த பந்துதான். ஒரு வாரம் கழித்து, பண்ணைக்குப் பின்னால் சும்மா கிடந்த கடலைக்காட்டில் பந்தைத் தரையோடு அடித்துவிட்டேன். மண்கட்டியில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அங்கேதான் காலின் அருமை புரிந்தது. 15 மீட்டரில் நிற்பவனுக்கு அந்த வேகத்தில் முக்கால் விநாடி கிடைக்கும். அதில் கண் பார்த்து உடம்பு புரிந்துகொள்ளவே ஏறக்குறைய 0.2 விநாடி போய்விடும். குதிகாலை ஊன்றி நின்றால் மிச்சமும் வீண். அமெரிக்கப் பேஸ்பால்காரர்கள் பந்து மட்டைக்கு வரும் நேரத்தில் சின்னதாக ஒரு குதி குதித்து, முன்பாதத்தில் தயாராக நிற்பார்கள். பேஸ்பாலிலிருந்து வந்த மைக் யங் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணிக்கே ஃபீல்டிங் பயிற்சியாளராக இருந்தவர். அந்தக் குதியை மட்டும் பையனுக்கு மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். ஜடேஜா மாதிரி டைவ் அடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தான். அது அப்புறம் என்றுவிட்டேன்.

ராத்திரி கட்டிலில் ஏக்நாத் சோல்கர் கதை சொன்னேன். பம்பாய் இந்து ஜிம்கானா மைதானத்தைப் பராமரித்தவரின் மகன். ஹெல்மெட் இல்லாத காலத்தில் பேட்ஸ்மேனின் மூக்கருகே ஷார்ட் லெக்கில் நின்று 27 டெஸ்ட்டில் 53 கேட்ச் பிடித்தவர். 1971இல் ஓவலில் ஆலன் நாட் கொடுத்த கேட்ச்சை முன்னால் பாய்ந்து பிடித்தார். அந்தப் பந்தை வீசியவர் கிண்டியில் படித்த இன்ஜினியர் வெங்கட்ராகவன், நம்ம சாதி! இங்கிலாந்து மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் அது.

"அவருக்குப் பயமா இருந்திருக்காதுங்களாப்பா?"

"இருந்திருக்கும்டா. ஆனா கண்ண மூடியிருக்க மாட்டாரு."

ஜூனில் பள்ளி திறந்து முதல் மேட்ச். முதல் பந்தே இவன் காலிடுக்கில் புகுந்து பவுண்டரிக்குப் போனது. வேலிக்கு வெளியே நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது அதுதான். பிறகு மூன்று பந்துகளை நன்றாகத் தடுத்தான். கேட்ச் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "நாளைக்குக் காலையில பந்து போடுறீங்களாப்பா?" என்று கேட்டான்.

உடைந்த முட்டைக்கெல்லாம் அப்பா கணக்கு எழுதி வைத்திருக்கிறார். இன்னும் நான் கொடுக்கவில்லை.