‘கவனமில்லை’ன்னு எழுதினது நான்தான்

போன எபிசோட்ல ஏஐ பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னைக்கு எங்க வீட்டு விஷயம். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன்.

அக்கா பையனுக்கு ஒன்பது வயசு, நாலாம் வகுப்பு. ஐபிஎல்ல யார் எத்தனை ரன்னு கேளுங்க, கடகடன்னு சொல்வான். சயின்ஸ் பாடத்தை நாம வாசிச்சுக் காட்டினா எல்லாக் கேள்விக்கும் பதில் வரும். அதையே அவனை வாசிக்கச் சொன்னா முதல் வரியிலேயே நின்னுடுவான். ‘கொக்கு’ன்னு எழுதிப் பாருங்க. கொம்பு முன்னாடி, கால் பின்னாடி, ஆனா அந்த ‘ஒ’ சத்தம் ‘க்’குக்கு அப்புறம்தான் வருது. நமக்கு இது உறைக்கறதே இல்ல. அவனுக்கு ஒவ்வொரு தடவையும் புது விடுகதை.

ஞாயிற்றுக்கிழமை ட்யூஷன் நான்தான். இன்ஜினியர் மாமா இல்லையா! ஒரே வார்த்தையை ஒரே பக்கத்துல மூணு விதமா எழுதுவான். நான் சிவப்புப் பேனாவுல ‘கவனமில்லை’ன்னு எழுதிட்டு வந்துடுவேன்.

டிஸ்லெக்சியாவா இருக்கலாம், அசெஸ்மென்ட் பண்ணிப் பாருங்கன்னு சொன்னது கிளாஸ் மிஸ். அக்கா எட்டு மாசம் தள்ளிப்போட்டா. “பேப்பர்ல எழுதிட்டா ஆயுசுக்கும் ஒட்டிக்கும்டா.” நானும் வளர்ந்தா சரியாயிடும்னு ஒத்து ஊதினேன்.

கடைசியில போனோம். முதல்ல கண், காது பரிசோதனை. அதுல பிரச்சினை இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் சைக்காலஜிஸ்ட். ரத்தமோ ஸ்கேனோ எதுவும் கிடையாது. ரெண்டு நாள், ஒன்றரை ஒன்றரை மணி நேரம். ஐக்யூ டெஸ்ட், அப்புறம் சத்தமா வாசிக்கணும், கேட்டதை எழுதணும், கணக்குப் போடணும். அர்த்தமே இல்லாத வார்த்தைகளையும் வாசிக்க வைப்பாங்க. மனப்பாடத்தை வெச்சு அதுல ஒப்பேத்த முடியாது. எழுத்தையும் சத்தத்தையும் எப்படிச் சேர்க்கறான்னு அதுலதான் தெரியும்.

வெளிய வந்தவன் கேட்டான், “மாமா, நான் பாஸா?” இதுல பாஸ், ஃபெயிலே இல்லடான்னேன். “சூப்பர்”ன்னுட்டு ஐஸ்க்ரீம் கேட்டான்.

பழைய நோட்டெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தாங்க. புரட்டிப் பார்த்த மேடம் ஒரு பக்கத்துல நிறுத்தி, “இது டீச்சர் எழுதினதா?”ன்னு கேட்டாங்க. அக்கா என்னைப் பார்த்தா. நான்தான்னு சொன்னேன். அவங்க திட்டல. “இந்தப் பக்கத்தை எழுத அவனுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”ன்னாங்க. முக்கால் மணி நேரம். கவனமில்லாத பையன் முக்கால் மணி நேரம் உட்காருவானா மக்களே?

ரிப்போர்ட்ல டிஸ்லெக்சியான்னு வந்தது. அறிவுத்திறன்ல குறையே இல்லன்னும் இருந்தது. அக்கா அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சா.

ஒரு நடைமுறை விஷயம். பிரைவேட் ரிப்போர்ட் வேற, அரசு சான்றிதழ் வேற. கற்றல் குறைபாடு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லயே இருக்கு. சான்றிதழ் இருந்தா பொதுத்தேர்வுல மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் கேட்கலாம், சொல்றதை எழுத ஆள் கேட்கலாம். நாங்க இப்பதான் அதுக்கு அலையறோம்.

இப்போ வாரத்துல மூணு நாள் ஸ்பெஷல் டீச்சர்கிட்ட போறான். என் ஞாயிற்றுக்கிழமை ட்யூஷன் மாறிடுச்சு. நான் வாசிப்பேன், அவன் வாயால பதில் சொல்வான். சிவப்புப் பேனா இப்போ அவன்கிட்ட இருக்கு. நான் தப்பா வாசிச்சா சுழிக்கறான்.