பிளக் மாற்றப் பழகுவோம்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் பேச வருகிறார் என்றால், இலக்கியம் பற்றியோ பிள்ளை வளர்ப்புப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நான் எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. பெற்றோலில் ஓடும் பிக்கப் வாகனமொன்றின் பிளக்குகளை நாமே கழற்றி மாற்றுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு. நான் கலைப் பட்டதாரி, இயந்திரவியல் படித்தவனல்லன். எனினும் இவ்விடயத்தைப் பேச எனக்கொரு காரணம் உண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு வீதிகளில் ஓடும் பிக்கப் வாகனங்களிற் பல டீசலில் ஓடுவன. டீசல் எஞ்சினில் நான் பேசப்போகும் பிளக் கிடையாது. அங்கே காற்று மிகுதியாக அமுக்கப்படுவதால் உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. ஆகவே, உங்கள் வாகனம் பெற்றோல் வாகனந்தானா என்பதை அறிந்துகொண்டு மேலே கேளுங்கள்.

பாடநூல்களிலே தீப்பொறிச் செருகி என்றும், கராஜிலே பிளக் என்றும் வழங்கும் இப்பொருள் ஒரு விரலளவே ஆனது. நடுவே ஓர் உலோகக் கம்பி. அதைச் சுற்றி வெண்பீங்கான். அதற்கு வெளியே புரி வெட்டிய உலோகக் கூடு. அடியிலே வளைந்து நிற்கும் ஒரு சிறு உலோக நாக்கு. நடுக் கம்பியின் நுனிக்கும் அந்த நாக்குக்கும் இடையே, நகத்தின் தடிப்பளவு கூடிய ஒரு வெளி உண்டு. பற்றரியிலிருந்து வரும் 12 வோல்ட்டுச் சுருளிலே பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து, அந்த வெளியைத் தாண்டும்போது பொறி பறக்கின்றது. நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 தடவை பொறி தரவேண்டும். 1860 ஆம் ஆண்டளவில் லெனுவார் என்பவர் தமது வாயு எஞ்சினில் மின்பொறியைப் பயன்படுத்திய நாள் முதல் எஞ்சின்கள் எவ்வளவோ மாறிவிட்டன. இந்தச் சிறு வெளியின் தொழில் மட்டும் மாறவில்லை.

இனி, என் காரணத்தைக் கூறுகிறேன்.

என் தந்தையார் யாழ்ப்பாணத்திலே தோட்டம் செய்தவர். வெங்காயமும் புகையிலையும் சந்தைக்கு ஏற்றுவதற்காகப் பழைய மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றை வைத்திருந்தார். அதன் பிளக்குகளை அவரே கழற்றுவார், துடைப்பார், பூட்டுவார். நான் அருகே போனால், "தம்பி, நீ போய்ப் படி. உன்ரை கையிலை கறுப்புப் படவேண்டாம்" என்பார். நானும் படித்தேன், பட்டம் பெற்றேன், ஆசிரியனானேன். கையிலே கறுப்புப் படவேயில்லை.

1990 இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டிலே பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று, மின்சாரமும் நின்றது. சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்ட காலம் அது. அந்நாளைய நேயர்கள் சிலர் இப்போதும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வாகனங்களோ மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலுள்ள பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் இலகுவாக ஆவியாகாது. முழுதாக எரியாமற் கரியைப் படியவிடும். அதனால் தந்தையார் ஒரு விதி வைத்திருந்தார். வாகனத்தை நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, எஞ்சினுக்குள் நிற்கும் மண்ணெண்ணெயைத் தீரவிட்டுப் பின்னரே நிறுத்தவேண்டும்.

1993 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள் மாலை, விறகு ஏற்றிவர நான் அந்த வாகனத்தைக் கொண்டுபோனேன். திரும்பி வந்து, அரைக் குவளை பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டேன். அன்றிரவு மழை. நடுச்சாமத்தில் தந்தையாருக்கு நெஞ்சுவலி கண்டது. தாயார் அவரைத் தாங்கி முன்னிருக்கையில் ஏற்றினார். நான் கைபிடியை மாட்டிச் சுழற்றினேன். எஞ்சின் ஒருமுறைகூட முனகவில்லை. தோள் நோகும்வரை சுழற்றினேன். பின்னர் மூடியைத் திறந்து, தந்தையார் செய்யக் கண்ட நினைவிலே நான்கு வயர்களையும் ஒருசேரப் பிடுங்கித் துடைத்து மாட்டினேன். மறுபடி சுழற்றியபோது கைபிடி எதிர்த்து உதைத்தது, எஞ்சினுள்ளே ஒரு வெடி கேட்டது, அவ்வளவுதான்.

அந்த ஓசைக்கு எழும்பி வந்தான் அயல்வீட்டுப் பையன். என்னிடம் ஒன்பதாம் வகுப்பிற் படித்தவன். மாலைகளில் மாமனாரின் கராஜில் நிற்பவன். முதல் வாரந்தான், நகத்தில் எண்ணெய்க் கறுப்போடு காலைக் கூட்டத்துக்கு வந்ததற்காக, எல்லார் முன்னிலையிலும் அவனை வரிசையை விட்டு வெளியே நிறுத்தியிருந்தேன்.

அவன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பெற்றோல் போத்தல் திறந்திருந்தபடியால் குப்பிவிளக்கை எட்டக் கொண்டுபோகச் சொன்னான். என் தங்கை சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி மிதித்தாள். அந்த டைனமோ வெளிச்சத்தில் உள்ளே குனிந்து பார்த்தான். "சேர், இது ஒண்டு, மூண்டு, நாலு, ரண்டு. நீங்கள் ஒண்டு, ரண்டு, மூண்டு, நாலு எண்டு மாட்டியிருக்கிறியள்" என்றான். எண்களை வரிசையாகச் சொல்வதே சரியென்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். எஞ்சினுக்கு வேறு வரிசை உண்டென்பது அன்றுதான் தெரிந்தது.

நான்கு பிளக்குகளையும் கழற்றினான். நான்கும் அட்டைக் கரி. தாயாரின் அடுப்புத் தணலில் அவற்றைச் சற்று நேரம் காயவைத்து, கரியைச் சுரண்டித் துடைத்துப் பூட்டினான். இரண்டாம் சுழற்றலிலே எஞ்சின் பிடித்துக்கொண்டது. வழியில் நின்றுவிட்டால் உதவுவதற்காக, போத்தலை அணைத்துக்கொண்டு பின்பெட்டியிலே மழையில் நனைந்தபடி மருத்துவமனைவரை வந்தான். தந்தையார் பிழைத்தார், அதன்பின் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார்.

அடுத்த நாட் காலைக் கூட்டத்தில், நான் அருகே சென்றபோது, அவன் பழக்கத்தினாலே இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தான். நேயர்களே, அந்தக் காட்சியை நான் இன்றும் மறக்கவில்லை. அவ்வாரச் சனிக்கிழமை அவனிடம் போய், எனக்கும் கற்றுத் தரும்படி கேட்டேன். அவன் கற்றுத் தந்ததையும், பின்னர் நான் வாசித்தும் செய்தும் அறிந்ததையுமே இப்போது சொல்கிறேன்.

முதலாவது, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கவேண்டும். கை சுடும் என்பது மட்டுமன்று. இக்கால எஞ்சின்களின் தலைப்பகுதி அலுமினியத்தாலானது. சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் அலுமினியத்தின் புரி உரிந்து வந்துவிடக்கூடும்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டுமே கழற்றுங்கள். ஒரு பிளக்கை மாற்றி, அதன் வயரை மாட்டிய பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள். என் தவறு உங்களுக்கு நேராது. வயரை இழுக்காமல், அதன் அடியிலுள்ள தடித்த உறையைப் பிடித்துச் சற்றே முறுக்கி எடுக்கவேண்டும். புதிய வாகனங்களில் ஒவ்வொரு பிளக்கின்மேலும் ஒரு சுருள் அமர்ந்திருக்கும். அங்கே முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆணியை நீக்கிச் சுருளை நேராக மேலே தூக்கவேண்டும்.

மூன்றாவது, பிளக்கை அசைக்குமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் ஊதி அகற்றுங்கள். சைக்கிள் பம்ப் ஒன்றே போதும். துவாரத்தினூடே விழும் ஒரு மணல்கூடச் சிலிண்டரின் சுவரைக் கீறும்.

நான்காவது, பிளக்குக்கென அமைந்த நீள ஸ்பானரை நேராக இறக்கி, இடப்பக்கமாகத் திருப்புங்கள். ஸ்பானர் சரிந்தால் பீங்கான் வெடிக்கும். வெடித்த பிளக் எவ்வளவு புதியதாயினும் பயன்படாது.

கழற்றிய பிளக்கை உடனே எறிந்துவிடாதீர்கள். அது எஞ்சின் உங்களுக்கு எழுதிய கடிதம். நுனி இளங்கபிலமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் நலமே. உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி, அல்லது காற்று வடி அடைபட்டிருக்கிறது, அல்லது வாகனம் சூடேறாமலே குறுந்தூரம் ஓடுகிறது. கரி மின்னைக் கடத்தும், ஆதலால் மின் வெளியைத் தாண்டாமற் கரி வழியே கசிந்துவிடும், பொறி பிறவாது. பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் தன்மீது படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நுனியில் எண்ணெய் ஈரம் கண்டால், தேய்ந்த வளையங்களின் வழியாகவோ வால்வுகளின் வழியாகவோ எண்ணெய் உள்ளே இறங்குகிறது. நுனி வெளிறிக் கொப்புளித்திருந்தால், அளவுக்கு மிஞ்சிய வெப்பம். பின்னைய இரண்டையும் கண்டால் புதுப் பிளக் பூட்டியதோடு நில்லாமல் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கையிலே அந்தப் பிளக்கையும் கொண்டுசெல்லுங்கள்.

ஐந்தாவது, புதிய பிளக் உங்கள் எஞ்சினுக்குரிய இலக்கத்தையே கொண்டதா என்று கைந்நூலோடு ஒப்பிடுங்கள். புரி பொருந்தினால் போதும் என்பது தவறு. நீளம் கூடிய பிளக் பிஸ்டனில் மோதலாம். வெப்பத்தரம் மாறினால் கரி படியும், அல்லது நுனி உருகும். இடைவெளியையும் அளந்து பாருங்கள். எங்கள் மொறிஸ் மைனருக்கு அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு; ஏறக்குறைய 0.64 மில்லிமீற்றர். கூடிக் குறைந்தால் வெளி நாக்கை மட்டும் மெல்ல வளைக்கலாம். நடுக் கம்பியைத் தொடவே கூடாது. இரிடியம், பிளாற்றினம் நுனி கொண்ட பிளக்குகளோ மிக நொய்யவை. அவற்றைச் சுரண்டவும் வேண்டாம். கம்பித் தூரிகையால் தேய்க்கவும் வேண்டாம். தணலில் வாட்டுவது வேறு வழியற்ற காலத்து வைத்தியம். இன்று எந்தப் பிளக்குக்கும் அது வேண்டாம்.

ஆறாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. பிளக்கை விரல்களாலேயே பூட்டத் தொடங்குங்கள். பல சுற்று விரலாலேயே இறங்கவேண்டும். தடை தெரிந்தால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். ஸ்பானருக்கு வலிமை உண்டு, உணர்ச்சி இல்லை. புரி பிழையாக ஏறுவதை விரல் சொல்லும், ஸ்பானர் சொல்லாது. அடியில் அமர்ந்தபின், வொஷர் உள்ள புதிய பிளக்காயின் ஸ்பானரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேலே போதும். பழையதையே மீண்டும் பூட்டினால் அதிலும் மிகக் குறைவு. வொஷர் இல்லாத வகைக்கு ஒரு சிறு திருப்பமே. பின்னர் வயரை அதன் இடத்தில் உறுதியாக அமரும்வரை அழுத்துங்கள்.

நான்கு சிலிண்டர் வாகனத்துக்கு, முதன்முறை ஒரு மணித்தியாலம் செல்லலாம். பின்னர் அரை மணித்தியாலம். எப்போது மாற்றுவது என்பதைக் கைந்நூல் கூறும். சாதாரண பிளக்குகளின் ஆயுள் குறைவு. இரிடியம் வகை பல மடங்கு உழைக்கும்.

இதனால் வரும் பயன் என்ன? கூலி மிச்சம் என்பது சிறு பயன். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காக நின்றவர்கள் நாம். பொறி தவறும் பிளக் ஒவ்வொரு தவறுதலுக்கும் பெற்றோலை எரிக்காமற் புகையாக வெளியே தள்ளுகிறது என்பதை அறிந்தவன், அவ்வரிசையில் நிற்கும் நாளைக் கொஞ்சமாவது தள்ளிப்போடுவான். அதனினும் பெரிய பயன், நடுச்சாமத்தில் வாகனம் எழும்பாதபோது செய்வதறியாது நிற்காமை.

எனக்கு ஆசானாயிருந்த அந்தப் பையன் இன்று சொந்தக் கராஜ் வைத்து நடத்துகிறார். நான் கழற்றிய பிளக்குகளை இப்போதும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதுண்டு. என் வாசிப்புச் சரியா பிழையா என்று சொல்லுவார். சில வேளை இன்னும் பிழைதான்.

எங்கள் பாடசாலையிலே காலைக் கூட்டத்தில் நகம் பார்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. சுத்தம் வேண்டுந்தானே. ஆயினும் ஒரு பிள்ளையின் நகத்திலே எண்ணெய்க் கறுப்பைக் கண்டால், "நேற்று என்ன திருத்தினாய்?" என்பதே என் முதற் கேள்வி. அவன் சொல்லி முடித்த பின்னர்தான் சவர்க்காரத்தைக் காட்டுவேன்.

வருகின்ற விடுமுறை நாளில் உங்கள் வாகனத்தின் ஒரு பிளக்கையாவது கழற்றிப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் நிற்க விடுங்கள். அவர்கள் கையிலும் கொஞ்சம் கறுப்புப் படட்டும்.