அதே ஆட்கள், வேறு ஆட்டம்

வலப்பனை, நில்தண்டாஹின்ன, ராகலை, உடப்புசல்லாவ என்று மலையகமெங்கும் இந்த நேரத்தில் வானொலிக்குப் பக்கத்தில் இருக்கிற எல்லோருக்கும்தான் இந்த உரை. குறிப்பாக, பாடசாலை அணிகளில் விளையாடுகிற பிள்ளைகளும் அவர்களைப் பழக்குகிற ஆசிரியர்களும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஓர் அணி தொடர்ந்து தோற்கிறது என்று வையுங்கள். உடனே என்ன பேச்சு வருகிறது? "அந்தப் பிள்ளை சரியில்லை, எடுத்துவிடுங்க சேர்." "இவங்களுக்கு உயரம் போதாது." "மனசு வச்சு விளையாடினாத்தானே!" தோல்விக்குக் காரணம் தேடும்போது நம் விரல் முதலில் ஓர் ஆளை நோக்கித்தான் நீள்கிறது. இது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. யார் எங்கே நிற்கிறார், பந்து எந்த வழியாகப் போகிறது, யாரை யார் மறிக்கிறார் என்ற மூன்றையும் ஆராய்ந்து முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

உலகத்தின் மிகப் பெரிய தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடர் அமெரிக்காவின் என்.பி.ஏ. அங்கே ஆட்டக்காரர்களுக்குக் கோடிக் கணக்கில் சம்பளம். அங்கும் அணிகள் தடுமாறுகின்றன. அங்கும் விரல்கள் நீள்கின்றன. அவற்றில் இரண்டு அணிகள் எப்படி மீண்டன என்று முதலில் பார்ப்போம்.

2022 ஜனவரி 6ஆம் திகதி பொஸ்டன் செல்டிக்ஸ் அணி நியூயோர்க்கில் விளையாடியது. ஒரு கட்டத்தில் 25 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. அவ்வளவையும் கரைத்துவிட்டு, கடைசி விநாடியில் எறியப்பட்ட பந்தில் தோற்றுப்போனது. அதோடு அந்தப் பருவத்தில் 18 வெற்றி, 21 தோல்வி. அணியின் தூண்களான ஜேசன் டேட்டமும் ஜெய்லன் பிரவுனும் ஒன்றாக விளையாடி ஒப்பேறாது, ஒருவரை விற்றுவிட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பயிற்றுநர் ஈமே உடோக்காவுக்கு அதுதான் தலைமைப் பொறுப்பில் முதல் வருடம்.

இருவரில் எவரும் விற்கப்படவில்லை. முதல் ஐவர் அதே ஐவர்தான். தற்காப்பில் ஓர் ஏற்பாடு மாறியது. ரொபர்ட் வில்லியம்ஸ் என்ற உயரமான இளைஞர், எகிறிப் பந்தைத் தட்டிவிடுவதில் சூரர். வழக்கப்படி உயரமானவர் எதிரணியின் உயரமானவரைத்தான் மறிப்பார். ஆனால் அந்த உயரமானவர் வளையத்தைவிட்டு விலகி வந்து சக ஆட்டக்காரரை மறிக்கிறவரின் வழியில் நின்று திரை பிடிக்கும்போது, மறிக்கிறவரும் கூடவே வெளியே வந்துவிடுவார். எதிராளி விரும்புவதும் அதைத்தான். வளையத்தடி காலியாகிவிடும்.

செல்டிக்ஸ் என்ன செய்தது? உயரமானவரை மறிக்கும் வேலையை அனுபவசாலியான அல் ஹோர்ஃபர்டுக்குக் கொடுத்தது. வில்லியம்ஸைப் பெரும்பாலும் மூலையில் நிற்கிற, தூரத்திலிருந்து அவ்வளவாக எறியத் தெரியாத ஆட்டக்காரர் பக்கம் நிறுத்தியது. பெயருக்கு அவர் அந்த ஆளை மறிக்கிறார். உண்மையில் வளையத்துக்குக் காவல் நிற்கிறார். எதிரணியில் ஒருவர் முதல் ஆளைக் கடந்து உள்ளே பாய்ந்து வருகிறார், கை தூக்குகிறார், வழி திறந்துவிட்டது என்று நினைக்கிறார். மூலையிலிருந்து இரண்டே எட்டில் வில்லியம்ஸ் வந்து பந்தைத் தட்டிவிடுகிறார். மற்ற நால்வரும் திரை பிடிக்கப்படும்போதெல்லாம் துரத்தி ஓடாமல், தங்களுக்குள் ஆளை மாற்றிக்கொண்டார்கள்.

பருவத்தின் நடுவில் ஓரிரு மாற்று ஆட்டக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள், உண்மைதான். ஆனால் அடித்தளம் அந்தத் தற்காப்பு. அதுவரை 18க்கு 21 என்று கிடந்த அணி, மீதி 43 போட்டிகளில் 33ஐ வென்றது. தற்காப்பில் தொடரிலேயே முதலிடம். அந்த ஆண்டு இறுதிச் சுற்றுவரை போய், அங்கேதான் தோற்றது. ஒன்றாக விளையாடி ஒப்பேறாது என்று சொல்லப்பட்ட அந்த இருவரும்தான் அணியை அதுவரை கொண்டுபோனார்கள்.

அந்த இறுதிச் சுற்றில் செல்டிக்ஸை வென்றது கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ். அந்த அணிக்கும் ஒரு கதை உண்டு. அதற்கு 2015 ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும். கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றில் ஏழு போட்டிகளில் நான்கை வெல்ல வேண்டும். எதிரே லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லன்ட் கவலியர்ஸ். முதல் போட்டியை வென்ற வொரியர்ஸ் அடுத்த இரண்டையும் தோற்றது. இன்னொன்றையும் விட்டால் நிலைமை கையைவிட்டுப் போய்விடும்.

வொரியர்ஸ் அணியில் நிக் யூரென் என்று ஓர் உதவியாளர், 28 வயது. போட்டிப் பதிவுகளைப் பார்த்துத் தொகுத்துக் கொடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. முந்தைய ஆண்டு இறுதிச் சுற்றில் சான் அன்டோனியோ அணி தன் முதல் ஐவரில் ஒருவரை மாற்றியதை அவர் பதிவில் கவனித்தார். நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டார். ஏழடி உயர அன்ட்ரூ போகட்டை வாங்கில் உட்கார வைத்துவிட்டு, ஆறடி ஆறங்குல அன்ட்ரே இகுவடாலாவை முதலில் இறக்குவதுதான் யோசனை. இகுவடாலா அந்தப் பருவத்தில் ஒரு போட்டியைக்கூட முதல் ஐவரில் ஒருவராகத் தொடங்கியவர் அல்ல. தலைமைப் பயிற்றுநர் ஸ்டீவ் கேர் அந்த யோசனையை ஏற்றார்.

நான்காவது போட்டி தொடங்கியதும் கிளீவ்லன்ட் 7க்கு 0 என்று முந்தியது. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே பழையபடி மாற்றியிருப்பார்கள். கேர் மாற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தின் வேகமே வேறாகிவிட்டது. வொரியர்ஸின் ஐவருமே ஓடக்கூடியவர்கள், பந்தைக் கடத்தக்கூடியவர்கள். கிளீவ்லன்டின் உயரமான மொஸ்கோவ் வளையத்தடியிலேயே நின்றால் வெளியே ஒருவர் தனியாக நிற்பார். வெளியே வந்தால் உள்ளே வழி திறக்கும். தூரத்து எறிதலுக்கு மூன்று புள்ளி, கிட்டத்து எறிதலுக்கு இரண்டு. தூரத்திலிருந்து மூன்றுக்கு ஒன்று விழுந்தாலே, கிட்டத்திலிருந்து இரண்டுக்கு ஒன்று விழுந்த கணக்குத்தான். ஆகவே வெளியே தனியாக நிற்கிற ஓர் ஆள் பெரிய ஆபத்து.

இந்த மாற்றத்துக்கு விலையும் இருந்தது. உயரமானவர் இல்லாத இடத்தில் மொஸ்கோவ் அன்று 28 புள்ளிகள் எடுத்தார். அப்படியிருந்தும் வொரியர்ஸ் 103க்கு 82 என்று வென்றது. அடுத்த போட்டியில் கிளீவ்லன்ட் தன் உயரமானவரையே பெரும்பகுதி நேரம் வாங்கில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. எதிராளி தன் பலத்தைத் தானே வெளியே எடுத்து வைத்தார். வொரியர்ஸ் 4க்கு 2 என்று கிண்ணத்தை வென்றது, அதுவும் 40 ஆண்டுகளுக்குப் பிறகு. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவடாலாவுக்கு.

இருக்கிற ஆட்களையே இடம் மாற்றி நிறுத்துவது தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிய விஷயமே அல்ல. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டு முடிந்து மலைக்குப் போனதும், அனுபவமுள்ள கங்காணி யாருக்கு எந்த நிரை என்று பார்த்துத்தான் பிரித்துக் கொடுப்பார். அதே ஆட்கள், அதே மலை. நிரை பொருந்தினால் நிறுவையில் கொழுந்து கூடும்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். கூடைப்பந்தாட்டம் நம் தோட்டப் பாடசாலைகளில் அரிது. அதன் தங்கையான வலைப்பந்தாட்டத்தை நம் பெண்பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அது இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களுக்கான வலைப்பந்தாட்டமாக மாறியது. இரண்டிலும் வளையத்தின் உயரம் ஒன்றே, 3.05 மீற்றர்.

வலைப்பந்தாட்டத்தில் இலங்கைக்குப் பெருமை சேர்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் தர்ஜினி சிவலிங்கம். ஆறடி பத்தங்குலம். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியச் சாம்பியனானபோது அணியின் கோல் எய்பவர் அவர்தான். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டார். அந்த முழுத் தொடரிலும் அதிகக் கோல் போட்டவர் அவரே. ஆனால் 16 அணிகளில் இலங்கைக்குக் கிடைத்த இடம் 15.

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். உலகத்தின் மிகச் சிறந்த வீராங்கனைகள் கூடிய இடத்தில் அதிகக் கோல் போட்டவர் நம்மிடம் இருந்தார். அணியோ கடைசிக்கு முந்தைய இடம். தர்ஜினியிடம் குறை காண முடியுமா? முடியாது.

விளக்கம் ஆட்டத்தின் சட்டத்திலேயே இருக்கிறது. வலைப்பந்தாட்டத்தில் யார் கோல் போட்டாலும், நடுவட்டத்திலிருந்து பந்தை எடுக்கும் முறை இரண்டு அணிகளுக்கும் மாறி மாறி வரும். ஆகவே இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் பந்தைத் தொடங்குகின்றன. வெற்றியைத் தீர்மானிப்பது, தொடங்கிய பந்து வழியில் எத்தனை தடவை பறிபோகிறது என்பதுதான். பந்தோடு ஓட முடியாது. தட்டிக்கொண்டு போக முடியாது. மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். கோல் எய்பவர் நடுப்பகுதிக்கு வந்து பந்தை வாங்கவும் முடியாது, அவருக்குரிய எல்லை அப்படி. பந்து அவரிடம் வந்து சேர்ந்தால்தான் அவர் உயரத்துக்குப் பயன். உலகத் தரத்து அணிகள் கோல் எய்பவரோடு மல்லுக்கட்டுவதைவிட, அவருக்குப் பந்து கொடுக்கிறவர்களை முடக்குவதில்தான் குறியாக இருக்கும்.

அப்படியானால் திருத்தம் எங்கே தொடங்க வேண்டும்? நடுவில். கோல் வட்டத்தின் விளிம்பில் ஒரே இடத்திலிருந்து பந்து கொடுக்காமல், இரண்டு பக்கத்திலிருந்தும் கொடுக்கப் பழக வேண்டும். கோல் போடக்கூடிய இரண்டாவது ஆளும் துணிந்து எறிய வேண்டும்; அப்போதுதான் தற்காப்பு இரண்டாகப் பிரியும். பந்து பறிபோன அடுத்த கணமே ஏழு பேரும் மறிக்கத் திரும்ப வேண்டும். சிறந்த ஓர் ஆள் இருக்கிற அணிக்குத்தான் இந்தப் பயிற்சி மிக அதிகமாகத் தேவை. எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு மற்ற ஆறு பேரின் வளர்ச்சியையும் நிறுத்திவிடும்.

அன்பான ஆசிரியர்களே, பயிற்றுநர்களே, உங்களிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இவற்றுக்குக் காசு தேவையில்லை.

முதலாவது, பந்து பறிபோகிற இடத்தைக் குறித்து வையுங்கள். வாங்கில் இருக்கிற பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, அதில் மைதானத்தைக் கீறி, பந்து போன இடத்திலெல்லாம் ஒரு புள்ளடி போடச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் புள்ளடிகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பார்த்தால் நோய் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதற்கு அவகாசமும் கொடுங்கள். 7க்கு 0 என்று பின்தங்கியபோது கேர் கலங்கியிருந்தால் அந்தக் கிண்ணம் கிடைத்திருக்காது.

மூன்றாவது, பிள்ளைகள் கட்டையாக இருக்கிறார்கள் என்று வருந்தாதீர்கள். உயரமான அணிக்கு எதிராக உயர எறிந்தால் அது அவர்களுக்குக் கொடுக்கிற பந்து. தாழ்வாக, தரையில் மோதவிட்டு, வேகமாகக் கடத்துங்கள். ஏற்றத்திலும் இறக்கத்திலும் நாள்தோறும் நடந்து பாடசாலைக்கு வருகிற பிள்ளைகளின் கால் பலம் சாதாரணமானதல்ல. எதிராளி பந்தைத் தொடங்குகிற இடத்திலேயே நெருக்கிப் பிடித்து, ஆட்டத்தின் நான்கு பகுதியும் சளைக்காமல் ஓடுகிற அணியைக் கட்ட அந்தப் பலம் போதும்.

நான்காவது, அணியில் இளையவர் சொல்வதற்கும் காதுகொடுங்கள். கிண்ணத்தை வென்று கொடுத்த யோசனை 28 வயது உதவியாளரிடமிருந்து வந்தது. வாங்கில் இருந்து முழு ஆட்டத்தையும் பார்க்கிற பிள்ளைக்கு, உள்ளே ஓடுகிறவருக்குப் படாதது கண்ணில் படும்.

பொறுப்பில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வலைப்பந்தாட்டத் தளத்துக்கு 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் வேண்டும். கூடைப்பந்தாட்டத்துக்கு 28க்கு 15 போதும். வலப்பனை போன்ற சரிவான பூமியில் அந்தளவு சமதரை தானாகக் கிடைக்காது; மண்ணை வெட்டி, அணைச்சுவர் கட்டி, தண்ணீர் வடிய வழிசெய்துதான் உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு பாடசாலைக்கும் இயலாவிட்டால், பல பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு கொங்கிரீட் தளமாவது அமையட்டும். வலைப்பந்து, கூடைப்பந்து, கரப்பந்து மூன்றுக்கும் அதே தளத்தில் வெவ்வேறு நிறத்தில் கோடு போடலாம். கூடவே, ஆட்டத்தைப் படித்துச் சொல்லித்தரத் தெரிந்த ஒரு பயிற்றுநரையும் அனுப்புங்கள். இரண்டும் இல்லாமல் பிள்ளைகளின் திறமையை அளந்து தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை தோற்றுவிட்டு வீட்டுக்கு வரும்போது, "ஏன் தோற்றாய்?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் பந்து கைமாறியது? அடுத்த முறை அங்கே யாரை நிறுத்தப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கத் தொடங்குகிற பிள்ளைகள் மறுநாளும் பயிற்சிக்குப் போவார்கள். தோற்கிற அணி திருந்துவதற்கு முதலில் வேண்டியது அதுதான்.